பின்சீட்டுப் புகை

வல்லம் வடகாலில் ராஜாமணியின் சுமோ கிளம்பினால் தெருவுக்கே தெரிந்துவிடும். சத்தம் ஒரு பக்கம், புகை இன்னொரு பக்கம். காலை ஐந்தரைக்கு அது ஏரிக்கரைச் சரிவில் உருண்டு, இருமி, உறுமி, ஒருவழியாகக் கிளம்பிப் போன பிறகு வாசல் தெளிக்க வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாம்பிராணி போட்டுட்டுப் போறாருடி" என்று சிரிப்பார்கள். ராஜாமணி காதிலும் அது விழுந்திருக்கிறது. "ஓட்ற வண்டி பொக வுடும். ஓடாத வண்டி எங்கருந்து வுடும்?" என்பது அவன் கட்சி.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்த வருஷம் ஊரில் சிலர் மாடி கட்டினார்கள், சிலர் பெண்ணுக்கு நகை செய்தார்கள், சிலர் குடித்தே தீர்த்தார்கள். ராஜாமணி வண்டி வாங்கினான். வாங்கும்போதே அதற்கு ஆறு வயசு. இப்போது, 2012 ஆவணியில், பன்னிரண்டு முடிந்துவிட்டது. ஒரகடம் ரோட்டில் இருக்கிற சார்ஜர் கம்பெனிக்கு ஷிஃப்ட்டுப் பெண்களை ஏற்றிப்போய் விடுவதும் திரும்ப அழைத்து வருவதும்தான் அதன் பிழைப்பு. பத்துப் பெண்களும் தெற்கத்திக்காரிகள். சங்கரன்கோவில், கயத்தாறு, விளாத்திகுளம் என்று எங்கெங்கிருந்தோ வந்து வாடகை அறைகளில் ஐந்தைந்து பேராகக் கிடப்பவர்கள். ராஜாமணியின் பெண்டாட்டி காவேரிக்கும் அதே கம்பெனி கேன்டீனில்தான் வேலை. புருஷன் வண்டியில் முன்சீட்டில் போவாள், முன்சீட்டில் வருவாள். ராணி மாதிரி என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

வண்டிக்கு ஒரு பழைய வியாதி உண்டு. செல்ஃப் எடுக்காது. ஒருதரம் நிறுத்திவிட்டால் நாலு பேர் தள்ள வேண்டும், இல்லை சரிவு வேண்டும். அதனால் வீட்டில் இருக்கும்போது ஏரிக்கரைச் சரிவில் நிற்கும். கம்பெனி கேட்டில் சரிவுக்கு எங்கே போவது? ஷிஃப்ட் விட அரை மணியானாலும் ஒரு மணியானாலும் உறுமிக்கொண்டே நிற்கும். செல்ஃபைச் சரிபண்ணச் சொன்னால், "அத்த வுடு, அது பாட்டுக்கு ஓடிகினு கீது" என்பான்.

போன மாதம் ஒருநாள் மாடத்தி என்கிற பெண்ணுக்கு நாலு மாதம் என்று தெரிந்ததும், காவேரி தன் முன்சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல்தடவை. மழை என்று கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. கால் மணி நேரப் பயணம். இறங்கும்போது தலை இரண்டாகப் பிளந்தது, வாயெல்லாம் டீசல் கசப்பு. பக்கத்தில் இருந்த இசக்கிசெல்வி, இருபது வயசுப் பெண், துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டியிருந்தாள்.

"தெனம் இப்டித்தானா புள்ள?" என்று கேட்டாள் காவேரி.

"ஆமாக்கா. லைன்ல போய் நிக்கும்போது ஒருமாரி கெறக்கமா வரும். ஒரு மணி நேரத்துல சரியாயிரும்."

"அவராண்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அண்ணாச்சி பாவம்க்கா. நம்மள நல்லபடியா கூட்டிட்டுப் போறாவ. வேற வண்டிக்காரனெல்லாம் கண்ணாடிய நம்மளப் பாத்துத் திருப்பி வச்சிருப்பான்."

காவேரி அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். "டீசல் வண்டில பொக வராம பன்னீரா வரும்?" என்று கேட்டான். நாலு நாள் கழித்து இசக்கிசெல்வி லைனில் மயங்கி விழுந்தாள். ரத்தம் கம்மி என்று நர்ஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினாள். காவேரிக்கு மனசு கேட்கவில்லை. கேன்டீன் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய புகார்ப்பெட்டியில், எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், வல்லம் வண்டியில் பின்சீட்டில் புகை வருகிறது, பெண்கள் மயங்கி விழுகிறார்கள் என்று எழுதிப் போட்டாள். பேர் போடவில்லை. மேலிடத்தில் ஒரு அதட்டல் போட்டால் மனுஷன் வண்டியைப் பட்டறைக்கு விடுவான் என்று அவள் கணக்கு.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிட்டது. போக்குவரத்து சூப்பர்வைசர் ரகுபதி ஒரு வாரத்தில் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு, பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை கேட்டிலேயே மெஷின் வைத்துப் புகைச் சோதனை, பாஸ் ஆகாத வண்டி மறுநாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ராஜாமணியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வண்டி மேல கம்ப்ளைன்ட் வந்துதான் இதெல்லாம். ஒண்ணும் கவலப்படாதீங்க, ஹவுஸ்கீப்பிங்ல ஆள் எடுக்கறாங்க" என்று வேறு சொன்னான்.

அந்தச் சொல்தான் ராஜாமணியைக் குத்திவிட்டது. ஏர் பிடித்த காலத்திலும் அவன் யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. உலகத்தில் அவன் பேரில் இருக்கிற ஒரே சொத்து அந்த வண்டியின் ஆர்.சி. புக்தான். அது போனால் நாற்பத்தெட்டு வயசில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பெற்ற பெண் வயசுப் பிள்ளைகள் நடக்கிற வராண்டாவில் மாப் போட வேண்டும். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் வண்டியைச் சுற்றி வந்தான். காவேரிக்கும் அடுப்பில் நிற்க முடியவில்லை, வெளியில் நிற்க முடியவில்லை. சொல்லிவிட வாயெடுப்பாள், அடுத்த நிமிஷம் சோறு போடவா என்று கேட்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரகடம் கூட்ரோட்டு ஸ்பேர் கடையிலிருந்து இரண்டு பாட்டில் வாங்கிவந்தான். டீசலில் ஊற்றினால் உள்ளே இருக்கும் கரியெல்லாம் கரைந்து, புகை அடங்கிவிடுமாம்.

"கடக்காரன் எவ்ளோ ஊத்தச் சொன்னான்?" என்று கேட்டாள் காவேரி.

"டேங்கு ஃபுல்லுக்கு ஒரு பாட்டிலு."

"நம்ம டேங்க்ல எவ்ளோ கீது?"

"இன்னா ஒரு பத்து லிட்டரு இருக்கும்."

"அப்புறம் எதுக்குயா ரெண்டு?"

"நல்லா புடிக்கட்டும்னுதான்."

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். இவன் மட்டுமா, ஊரே அப்படித்தான். நெல்லுக்குப் பூச்சி மருந்து அடித்த நாளில் கடைக்காரன் மூடிக் கணக்குச் சொல்வான், இவர்கள் டம்ளர் கணக்கில் ஊற்றுவார்கள். டப்பாவில் போட்டிருக்கிற அளவு கஞ்சப்பயல் அளவு என்று ஒரு நம்பிக்கை. நிலம் போனாலும் அந்தக் கை போகவில்லை. இரண்டு பாட்டிலையும் கவிழ்த்து, ஒரு சொட்டு வீணாகக்கூடாது என்று கொஞ்சம் டீசல் விட்டு அலசியும் ஊற்றினான்.

சனிக்கிழமை காலை வண்டி நன்றாகத்தான் போனது. "பாத்தியா, குதிர" என்றான். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வருகையில், வல்லம் திருப்பத்துக்கு முன்னால் இரண்டுமுறை விக்கியது. பிறகு நின்றே போனது. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள். சடசடவென்று மழை வேறு. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள், மாடத்தியை மட்டும் காவேரி பிடித்து ஓரமாக நிறுத்தினாள். நூறு அடி தள்ளியும் அது மூச்சுவிடவில்லை. கடைசியில் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். ராஜாமணி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றான். அவன் முகத்தைப் பார்க்க காவேரிக்குத் தைரியமில்லை.

கூட்ரோட்டு மெக்கானிக் வனமாமலை பைக்கில் வந்தான். நாங்குநேரிக்காரன், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, கை சுத்தம். டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். தார் மாதிரி கொழகொழவென்று விழுந்தது.

"என்ன அண்ணாச்சி ஊத்துனீரு?"

ராஜாமணி பாட்டிலைக் காட்டினான்.

"எத்தன?"

"ரெண்டு."

"எத்தன லிட்டருக்கு?"

ராஜாமணி ஃபில்டரைப் பார்த்தான். காவேரி சொன்னாள்.

"அடப் பாவி மனுசா! பேதிக்கு ஒரு மாத்திரை குடுத்தா அட்டையோட முழுங்குன கதையால்லா இருக்கு! பன்னெண்டு வருசம் டேங்குக்கு அடியில கெடந்த அழுக்கு மொத்தமும் பேத்துக்கிட்டு வந்து ஃபில்டர அடச்சிருக்கு. நல்லவேள, பம்புக்குள்ள போகல."

"மருந்து டூப்ளிகேட்டா வனமாமல?"

"மருந்து சொக்கத்தங்கம். நீருதான் டூப்ளிகேட்டு. கேட்டீரா, ஒம்ம வண்டி ஓடிக் கெடல, நின்னு கெட்டுருக்கு. கேட்டுல மணிக்கணக்கா சும்மா உறும விட்டா கரி பிடிக்காம என்ன செய்யும்? இஞ்சின் ஒருநாளும் முழுசாச் சூடாகல."

மழையிலேயே டேங்க்கை வடித்துக் கழுவி, புது ஃபில்டர் போட்டான். காற்று ஃபில்டரைத் தட்டினான், அதிலிருந்து வந்தது கரியா மண்ணா என்று தெரியவில்லை. போகும்போது சொன்னான்: "நாளைக்கு ஞாயித்துக்கெழம. டேங்க ரொப்பி, ஒரே ஒரு பாட்டில், கேட்டுக்கிடும், ஒரே ஒரு பாட்டில் ஊத்தி, பெங்களூர் ரோட்டுல விடும். வாணியம்பாடி போயித் திரும்பி வாரும். பாதி டேங்காவது எரியணும். மருந்து பாதி, ஓட்டம் பாதி. அக்காவையும் கூட்டிட்டுப் போம். ஒருத்தர் பின்னால இருந்து பொகையப் பாத்துக்கிட்டே வரணும்."

வாணியம்பாடி! கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் இரண்டு பேரும் தனியாகக் காஞ்சிபுரம் தாண்டிப் போனதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு பங்க்கில் "ஃபுல்லு" என்று சொல்லும்போது ராஜாமணிக்கு நாக்குக் குழறியது. வாழ்க்கையில் முதல்தடவை சொல்கிற வார்த்தை. டீசல் போட்ட பெண், "எவ்ளோண்ணா?" என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். புதிதாக வாங்கிவந்த ஒரே ஒரு பாட்டிலை அளவு தப்பாமல் ஊற்றினான். காவேரி புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டி எடுத்துக்கொண்டு கடைசிச் சீட்டில் ஏறி, பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் மிதித்தான்.

"இன்னா கலரு?" என்று முன்னாலிருந்து கத்தினான்.

"கறுப்பு!"

"எம்மாங் கறுப்பு?"

"எரும கறுப்புயா!"

தாமல் ஏரியருகே மறுபடி கேட்டான். "இப்போ?"

"கறுப்புதான். ஆனா எள எரும."

காவேரிப்பாக்கத்தில் சாம்பலானது. வாலாஜாவுக்கு முன்னால் அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். தார்ரோடு தெரிந்தது, வெள்ளைக்கோடு தெரிந்தது, பின்னால் வந்த லாரியின் எலுமிச்சம்பழ மாலைகூடத் தெரிந்தது. நடுவில் ஒன்றையும் காணோம்.

"யோவ்! பொகையே இல்லயா!"

"மெய்யாலுமா?"

"எங்கண்ணு மேல சத்தியம்யா!"

ராஜாமணி ஸ்டியரிங்கை அடித்துச் சிரித்தான். பத்து நாளுக்கப்புறம் சிரிக்கிறான். வண்டி எண்பதில் பறந்தது. அவன் கழுத்துப் பின்புறம்கூடச் சந்தோஷமாக இருந்தது. காவேரிக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் முகத்தைப் பின்கண்ணாடிப் பக்கமே வைத்துக்கொண்டாள்.

வேலூர் தாண்டி, பள்ளிகொண்டாவும் தாண்டி, ஆம்பூருக்கு முன்னால் ரோட்டோரம் நிறுத்தினான். சமதளம், அதனால் இஞ்சினை அணைக்கவில்லை. அது உறுமிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி ஒரு மைல்கல்லில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டார்கள். மூன்று வாய் கருவாட்டை ருசித்துத் தின்றுவிட்டு ராஜாமணி ஆரம்பித்தான்.

"நாளைக்குப் பாஸு. பாஸான சீட்ட கைல வச்சிகினு நேரா ராமனாண்ட போறேன். வெச்சிகிறேன் அவன."

ராமன் இன்னொரு டிரைவர். புது வேன் வைத்திருக்கிறான்.

"ராமன் இன்னாயா பண்ணான்?"

"அவந்தாம்மே பெட்டில சீட்டு போட்டது. ரெண்டாவது வேன் எடுக்கறானாம், எந்த ட்ரிப்பு காலியாவும்னு பாத்துகினு கீறான். நாலு பேரு முன்னாடி சட்டயப் புடிச்சி கேக்கறேன். அவன் பொண்ணு காதுகுத்துக்கும் நாம போவல, சொல்லிட்டேன்."

"வேணாயா. அவுரு போடல."

"ஒனக்கு இன்னா தெரியும்?"

"தெரியும்."

"எப்டி?"

காவேரி கையிலிருந்த சோற்றைத் தூக்கில் போட்டாள்.

"நான்தான்யா போட்டேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"இசக்கி லைன்ல வுயுந்துட்டால்ல, அன்னிக்கு. ஒன்னாண்ட சொன்னேன், பன்னீரான்னு கேட்ட. பேரு போடல. வண்டிய பட்டறைக்கு வுடுவன்னு நெனச்சி போட்டேன்யா. ட்ரிப்ப தூக்குவானுங்கன்னு எனக்குத் தெரியுமா? அம்மா சத்தியமா தெரியாது."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் வாயில் சோறு அப்படியே இருந்தது.

"பத்து நாளா நான் சோறு துண்ணாம சுத்திகினு கீறேன். பாத்துகினுதானே இருந்த?"

"பாத்தேன்."

"ஊர்ல எவன் சொல்லிருந்தாலும் தாங்கிருப்பேன்டி."

'டி' போட்டு அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. எழுந்தான். தூக்கைத் தாண்டி, வண்டியையும் தாண்டி, வந்த வழியே ரோட்டோரமாக விறுவிறுவென்று நடந்தான். "எங்கயா போற?" என்று கத்தினாள். திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் சேற்றை வாரி அடித்தன. காவேரி தூக்கை எடுத்துக்கொண்டு ஓடி, கைக்கு எட்டிய பின்கதவைத் திறந்து ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். வண்டியை அணைக்கவும் முடியாது, விட்டுப் போகவும் முடியாது, ஓட்டவும் தெரியாது. ஓடும்போது காணாமல் போயிருந்த புகை, நின்ற இடத்தில் சீட்டுக்கடியிலிருந்து மெல்ல ஏறியது. தொண்டை கரித்தது, கண் எரிந்தது. இந்த மனுஷன் ஏதாவது லாரியில் விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதாள்.

ராஜாமணி திரும்பிவந்தபோது தலையிலிருந்து கால்வரை சொட்டியது. பின்கதவைத் திறந்தான். அவள் சாய்ந்து கிடந்தாள். கண் ரெண்டும் மிளகாய்ப்பழம்.

"அய்யய்யோ, இன்னாமே! எறங்க வேண்டியதுதானே?"

"மழ."

"முன்னாடி வந்து குந்தறதுக்கு இன்னா?"

"அந்தப் பொண்ணுங்க முன்னாடி வந்து குந்துதுங்களா?"

அவன் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டான். பிறகு தான் போய்ப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஆறு வருஷமாக அவன் உட்காராத சீட்டு. உள்ளே இருமுகிற சத்தம் கேட்டது. கால் வைக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். தகரம் துருப்பிடித்து உள்ளங்கையளவு ஓட்டை. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாய் ஜாயின்ட்டில் விரிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். பத்து நிமிஷம் இருந்திருப்பான். இறங்கி வந்து ரோட்டோரம் காறித் துப்பினான், வாய் கொப்பளித்தான்.

வாணியம்பாடி வரைக்கும் போய்த்தான் திரும்பினார்கள். பாதி டேங்க் எரிய வேண்டுமே. வழியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் புள்ள எத்தினி நாளா அந்த மூலைல குந்துது?"

"ஒரு வருசமா."

மாலை நாலு மணிக்கு ஒரகடம் வெல்டிங் பட்டறைக்கு வந்தார்கள். கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் இருந்தால்தான் அதிசயம். நாளைக்கும் நம்பிக்கையில்லை என்றான் பட்டறைக்காரன். ராஜாமணி ஒரு தகரத்துண்டை வெட்டி ஓட்டையின்மேல் வைத்து, எம்-சீல் பசையைப் பிசைந்து அப்பி, மேலே சாக்கை மடித்துப் போட்டான்.

திங்கள் காலை ட்ரிப்பில் கண்ணாடியெல்லாம் இறக்கியே ஓட்டினான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கேட்டில் சோதனை. ரகுபதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு வண்டி பெயிலாகி ஓரமாக நின்றன. காவேரி கேன்டீனில் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஈரக்கையோடு வந்து நின்றாள். மெஷின்காரன் குழாயைப் புகைபோக்கியில் செருகி மிதிக்கச் சொன்னான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். சீட்டு கிர்ரென்று வெளியே வந்தது. அவன் அதையும் பார்த்தான், வண்டியையும் பார்த்தான்.

"இன்னா சார்?" என்றான் ராஜாமணி.

"பாஸ். நல்லாவே பாஸு. இன்னா பண்ணீங்க?"

காவேரிக்கு உசிர் வந்தது. ஏரிக்கரை மாரியம்மனுக்கு மனசுக்குள் தேங்காய் நேர்ந்துகொண்டாள். ராஜாமணி வெறுமனே தலையாட்டினான்.

ரகுபதி ஒரு ஃபாரத்தை எடுத்தான். "கம்ப்ளைன்ட்ட குளோஸ் பண்ணணும். வண்டில வர்றவங்க ஒருத்தர் கையெழுத்து போடணும், உள்ள பொக வரலன்னு. காவேரியக்கா, நீங்களும் இந்த வண்டிதானே? போடுங்க. நாளைலேர்ந்து வழக்கம்போல ஓடட்டும்."

பேனா கைக்கு வந்துவிட்டது. காவேரி வண்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். எம்-சீல் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் கண்ணாடியை இறக்கியும் பின்னால் வாடை அடித்ததாக இசக்கி சொன்னதும் தெரியும். இந்த ட்ரிப் போனால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்பதும் தெரியும். நாசமாய்ப் போகட்டும், ஒரு கையெழுத்துதானே என்று ஃபாரத்தை மேஜையில் வைத்துக் குனிந்தாள். 'கா' எழுதிவிட்டாள்.

"போடாத" என்றான் ராஜாமணி.

"யோவ், கம்முனு இரு."

"போடாதமே. பின்னாடி வருது."

ரகுபதி நிமிர்ந்தான். "என்ன வருது? மெஷின்ல பாஸ்னு சீட்டு இருக்கே?"

"மெஷினு வால்ல வெச்சிப் பாக்குது சார். ஓட்ட வயித்துல கீது. தரைத்தகரம் போயிட்ச்சி, சைலன்சரும் விரிஞ்சிகீது. வெல்டிங் வெக்கணும். கரண்ட் வர ரெண்டு நாளோ மூணு நாளோ ஆவும். அது வரிக்கும் பொண்ணுங்கள ஏத்த மாட்டேன்."

"ராஜாமணி, யோசிச்சுப் பேசுங்க. நாளைக்கு காலைல நான் வேற வண்டி போட்டாவணும். போட்டா போட்டதுதான். அப்புறம் வந்து எடம் கேட்டா நான் பொறுப்பு இல்ல."

"போடு சார். பொக வராத வண்டியா பாத்து போடு."

ரகுபதி அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு, காவேரியிடமிருந்து பேனாவை வாங்கி, ஒற்றை எழுத்தோடு இருந்த ஃபாரத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

சங்கு ஊதியது. ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் வந்தார்கள். இசக்கிசெல்வி முன்னால் ஓடிவந்து வண்டிக் கதவில் கைவைத்தாள். ராஜாமணி குறுக்கே நின்றான்.

"இன்னிக்கு வண்டி இல்லமா. பஸ்ல போங்க."

"ஏன் அண்ணாச்சி, டெஸ்ட்டுல பெயிலா?"

"மெஷினு பாஸ்தான் போட்டுச்சி. நான்தான் பெயிலு போட்டேன். அந்த மூலைல இன்னாத்த குந்திகினு வந்த நீ ஒரு வருசமா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று அதட்டினான். அதட்டும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். காவேரி முன்சீட்டில் ஏறினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேட்டில் செக்யூரிட்டிக்காரன் பார்க்கிறானே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

"இப்ப எதுக்கு அழுவற?" என்றான் ராஜாமணி, கியரைப் போட்டுக்கொண்டு.

"போச்சேயா ட்ரிப்பு."

"போச்சி."

"இப்ப எங்க போறோம்?"

"வெல்டிங் பட்டறைக்கு."

"கரண்ட் வந்திருக்குமா?"

"வரலன்னா வர வரிக்கும் குந்திகினு இருப்போம். நேத்து நீ துண்ணாம வுட்ட சோத்துக்கு பதிலா இன்னிக்கு துண்ணு. பட்டறை பக்கத்துல ஒரு கடை கீது, பரோட்டா நல்லா இருக்கும்" என்றான்.